வாசலில் நின்ற நிமிடங்கள்: அலுவலக லாகினின் வரலாறு

2005-ம் வருடம் சென்னையில் ஒரு டேட்டா என்ட்ரி அலுவலகத்தில் சிஸ்டம் அட்மினாக இருந்தேன். 'அட்மின்' என்பதெல்லாம் விசிட்டிங் கார்டில்தான். பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுவதிலிருந்து யுபிஎஸ் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது வரை எல்லாம் என் தலையில். எழுபது கணினிகள், எல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி. ஒரேயொரு சர்வர், விண்டோஸ் 2003. காலை ஏழு மணிக்கு ஒரு ஷிஃப்ட், மதியம் மூன்று மணிக்கு இன்னொன்று. யாருக்கும் நிரந்தர இருக்கை கிடையாது. எந்த மெஷின் காலியாக இருக்கிறதோ அதில் உட்கார வேண்டியதுதான்.

அங்கே கையெழுத்துப் போடும் பதிவேடு இல்லை. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, டெஸ்க்டாப் வந்து, அதிலிருக்கும் வருகை மென்பொருளைத் திறந்து 'இன்' என்ற பொத்தானை அமுக்கும் நேரம்தான் அலுவலகத்துக்கு வந்த நேரம். 7.10-ஐத் தாண்டினால் லேட். மூன்று லேட் சேர்ந்தால் அரைநாள் சம்பளம் பிடித்தம்.

ஒரு மாதம் திடீரென்று லேட் கணக்கு ஏறியது. பாஸ்வேர்ட் தட்டி என்டர் அடித்தால் 'உங்கள் சொந்த அமைப்புகள் ஏற்றப்படுகின்றன' என்ற பொருளில் ஒரு சின்னப் பெட்டி வரும். வழக்கமாக அரை நிமிடத்தில் போய்விடும். இப்போது பல நிமிடம் அப்படியே நிற்கிறது. எல்லா மெஷினிலும் இல்லை. நேற்று நின்ற மெஷின் இன்று ஓடுகிறது, இன்று ஓடியது நாளை நிற்கிறது. மதிய ஷிஃப்டில் பிரச்சனையே இல்லை.

அரக்கோணத்திலிருந்து ரயில் பிடித்து வரும் ஒரு அக்கா இருந்தார். ஏழு மணி ஷிஃப்டுக்கு வர நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். அந்த மாதம் அவருக்கு ஆறு லேட். "தம்பி, நான் ஆறே முக்காலுக்கே உள்ள வந்துட்டேன். வாட்ச்மேனைக் கேட்டுப் பாரு. இந்தப் பெட்டிதான் என்னை உள்ள விடமாட்டேங்குது" என்றார். 'ஓடாத கம்ப்யூட்டர்' என்று சொல்லவில்லை, 'உள்ளே விடாத பெட்டி' என்றார். எனக்கு அது அப்போது புரியவில்லை. லாகின் என்ற வாசலின் வரலாற்றைப் பின்னாளில் படித்தபோதுதான் அவர் எவ்வளவு சரியாகச் சொல்லியிருந்தார் என்று தெரிந்தது.

நேரத்தை அளக்கப் பிறந்த வாசல்

பாஸ்வேர்ட் என்றால் ரகசியம், பாதுகாப்பு என்றுதான் இன்று நினைக்கிறோம். கணினியில் அது நுழைந்த கதையில் ரகசியத்துக்கு இருந்த அளவு பங்கு ரேஷனுக்கும் இருந்தது.

1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவரது குழுவினரும் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை முதன்முதலாகச் செய்து காட்டினார்கள். அதுவரை கணினியில் வேலை என்றால், துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு கமா விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து. சிடிஎஸ்எஸ் ஒரே இயந்திரத்தின் நேரத்தைப் பலருக்குத் துண்டு துண்டாகப் பங்கிட்டது. ஆளுக்கொரு தட்டச்சு முனையம். ஒவ்வொருவருக்கும் தனக்கே தனக்கென்று கணினி இருப்பது போன்ற ஒரு தோற்றம்.

பங்கீடு என்று வந்துவிட்டால் கணக்கு வேண்டும். யாருடைய கோப்பு எது, யார் எவ்வளவு நேரம் எடுத்தார்கள்? அதற்காக வந்ததுதான் 'லாகின்' என்ற கட்டளை. வெளியேறும்போது எவ்வளவு நேரம் செலவானது என்பதை இயந்திரம் அச்சடித்துக் காட்டும். அன்று இயந்திரத்தின் விலை மில்லியன் டாலர் கணக்கில். காக்க வேண்டிய செல்வம் இயந்திரத்தின் நேரம்தான், மனிதனுடையது அல்ல.

வரலாற்றில் பதிவான ஆரம்பகாலப் பாஸ்வேர்ட் திருட்டுகளில் ஒன்றுக்கும் அதுதான் காரணம். ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 மணிநேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆராய்ச்சிக்கு அது போதவில்லை. 1962-ல் பாஸ்வேர்ட் கோப்பை அச்சடித்துத் தரும்படி ஓர் அட்டை போட்டார். இயந்திரமும் அச்சடித்துக் கொடுத்துவிட்டது. அதிலிருந்த மற்றவர்கள் கணக்கில் நுழைந்து அவர்களுடைய மணிநேரங்களில் வேலை பார்த்தார். பல ஆண்டுகள் கழித்து இதை அவரே எழுதியிருக்கிறார். யாருடைய ரகசியத்தையும் படிக்க அவர் நினைக்கவில்லை. அவர் எடுத்தது நேரம்.

சிடிஎஸ்எஸ் ஓடியது ஐபிஎம் இயந்திரத்தில். அந்த ஐபிஎம்மின் பூர்வீகத்தைத் தோண்டினால் ஒரு கடிகாரம் கிடைக்கும். நியூயார்க் மாநிலத்தில் வில்லர்ட் பண்டி என்ற நகைக்கடைக்காரர் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தொழிலாளர் வருகையைப் பதியும் கடிகாரம் ஒன்றைச் செய்தார். அதைத் தயாரித்த நிறுவனம் 1900-ல் இன்டர்நேஷனல் டைம் ரெக்கார்டிங் கம்பெனியோடு சேர்ந்தது. அது 1911-ல் வேறு சில நிறுவனங்களோடு இணைந்தது. இணைந்த நிறுவனம் 1924-ல் சூட்டிக்கொண்ட பெயர்தான் ஐபிஎம். வருகைக் கடிகாரப் பிரிவை அவர்கள் விற்றது 1958-ல். மூன்றே வருடத்தில் அவர்களுடைய கணினியின் மேலேயே இன்னொரு நேரக் கணக்கு வந்து உட்கார்ந்தது. திட்டமிட்டு நடந்ததல்ல, தற்செயல்தான். ஆனாலும் ஆறு லேட் வாங்கிய அக்காவை நினைத்தால் எனக்கு இது சும்மா கடந்துபோகும் தற்செயலாகத் தெரியவில்லை.

யாரையும் நம்பாத நாய்

ஒரே இயந்திரம் இருந்தவரை விஷயம் எளிது. பாஸ்வேர்டைச் சரிபார்ப்பதும் அதுதான், வேலை செய்வதும் அதுதான். கணினிகள் பெருகி, கம்பி வழியாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்தபோதுதான் கேள்வி சிக்கலானது. நான் உட்கார்ந்திருப்பது ஒரு கணினி, என் கோப்பு இருப்பது இன்னொன்று, பிரிண்டர் மூன்றாவது. மூன்றிடமும் என் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டுமா? கம்பியில் போகும்போது நடுவில் யாராவது ஒட்டுக்கேட்டால்?

இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியதும் எம்ஐடிதான். 1983-ல் டெக், ஐபிஎம் நிறுவனங்களின் துணையோடு அங்கே 'அதீனா திட்டம்' தொடங்கியது. வளாகமெங்கும் கணினிகள், எந்த மாணவரும் எதிலும் உட்காரலாம், எங்கே உட்கார்ந்தாலும் தன் கோப்புகள் தன்னைத் தேடி வர வேண்டும். எங்கள் அலுவலகத்தின் 'காலியான மெஷினில் உட்காரு' ஏற்பாட்டுக்கு மூலக்கனவு அதுதான். ஆனால் பொது அறையில் கிடக்கும் கணினியை மாணவர்கள் எப்படி வேண்டுமானாலும் மாற்றிவைக்கலாம். அது சொல்வதை சர்வர் எப்படி நம்பும்?

விடையின் விதை ஏற்கெனவே விழுந்திருந்தது. 1978-ல் ரோஜர் நீதம், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். இரண்டு பேர் ஒருவரையொருவர் நம்ப, இருவரையும் அறிந்த மூன்றாமவர் ஒருவர் சீட்டு எழுதித் தரட்டும். 1981-ல் டென்னிங், சக்கோ இருவரும் அதில் ஒரு ஓட்டையைக் காட்டினார்கள். பழைய சீட்டை யாராவது திருடி வைத்திருந்து பிறகு நீட்டினால் என்ன செய்வது? சீட்டில் நேரத்தைக் குறியுங்கள் என்றார்கள். இந்த இரண்டையும் சேர்த்து ஸ்டீவ் மில்லர், கிளிஃபர்ட் நியூமன் முதலானோர் அதீனாவில் வடிவமைத்ததுதான் கெர்பரோஸ். கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர். 1988-ல் அதைப் பற்றிய கட்டுரை யூஸ்நிக்ஸ் மாநாட்டில் வெளியானது. அதே ஆண்டு பில் பிரையன்ட் என்பவர் இதன் வடிவமைப்பை விளக்க நான்கு காட்சிகள் கொண்ட ஓர் உரையாடல் நாடகமே எழுதினார். பாத்திரங்களின் பெயர்கள் அதீனா, யூரிப்பிடிஸ். ஒருவர் ஒரு யோசனை சொல்வார், மற்றவர் ஓட்டை கண்டுபிடிப்பார். பாதுகாப்பு எப்படி யோசிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட எளிய வாசிப்பு இன்றும் இல்லை.

கெர்பரோஸ் நடப்பதைக் கோவில் அன்னதானத்தோடு ஒப்பிடலாம். முதலில் ஆபீஸில் போய் 'நான் இன்னார்' என்று நிரூபித்து ஒரு டோக்கன் வாங்குகிறீர்கள். அப்புறம் பந்தியிலோ பிரசாத வரிசையிலோ டோக்கனைக் காட்டினால் போதும், ஆதார் அட்டையைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டாம். பாஸ்வேர்ட் கம்பியில் போவதே இல்லை. ஆனால் டோக்கனில் நேரம் இருக்கிறது. ஆகவே எல்லாக் கடிகாரமும் ஏறக்குறைய ஒன்றாக ஓட வேண்டும். வழக்கமான சலுகை 5 நிமிடம். அதற்கு மேல் கடிகாரம் விலகினால் நாய் குரைக்கும். மதர்போர்டில் இருக்கும் நாணய அளவு பேட்டரி செத்து, மெஷின் தேதி பல வருடம் பின்னால் போய், லாகின் தகராறு பண்ணுவதை எங்கள் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்போம்.

தெருவில் நின்று கூவுதல்

பல்கலைக்கழகத்தில் இப்படி நடந்துகொண்டிருந்தபோது அலுவலகங்களின் பாதை வேறாக இருந்தது. 1983-ல் ஐபிஎம் பிசிக்களை இணைக்க வந்த நெட்பயாஸ் என்ற ஏற்பாட்டில் ஒரு கணினி இன்னொன்றைத் தேடும் முறை, தெருவில் நின்று கூவுவதுதான். "இந்தப் பேருக்காரர் யாராவது இருக்கீங்களா?" இருப்பவர் பதில் சொல்வார். பத்து வீடு உள்ள தெருவுக்கு இது போதும்.

1993 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் என்டி 3.1-ஐ வெளியிட்டது. எழுபது கணினியில் எழுபது முறை பயனர் கணக்கு உண்டாக்க வேண்டாம், எல்லாருடைய கணக்கும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்பது அதிலிருந்த 'டொமைன்' ஏற்பாடு. முதன்மைக் கண்ட்ரோலர் ஒன்று. அதன் நகலை வைத்திருக்கும் துணைக் கண்ட்ரோலர்கள் சில. மாற்றம் எதுவானாலும் முதன்மையில்தான், துணைகள் படியெடுத்துக்கொள்ளும். ஒரு விஏஓ, அவருக்குச் சில தலையாரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் கணினி எழுந்ததும் அது கேட்கும் முதல் கேள்வி, "என் டொமைனுக்குச் சாட்சி சொல்பவர் எங்கே?" அன்று அந்தக் கேள்வியும் கூவல்தான். தெரு நீண்டு ஊரானபோது, ரவுட்டர்கள் கூவலை அடுத்த தெருவுக்கு விடவில்லை. அதற்காக 1994-ல் விண்டோஸ் என்டி 3.5-ஓடு 'வின்ஸ்' என்ற பெயர்ப் புத்தகம் வந்தது. அதில் பதிவு இல்லாவிட்டால் மறுபடி கூவல். தொண்ணூறுகளில் 'லாகின் ஸ்லோ சார்' என்றால் பெரும்பாலும் இந்தக் கூவலும் காத்திருப்பும்தான்.

பிப்ரவரி 2000

2000 பிப்ரவரி 17 அன்று விண்டோஸ் 2000 வெளியானது. அதனோடு வந்த ஆக்டிவ் டைரக்டரியில்தான் மேலே சொன்ன கிளைக்கதைகள் எல்லாம் வந்து சேர்கின்றன. சாட்சிச் சீட்டு முறைக்கு எம்ஐடியின் கெர்பரோஸ். முதன்மை, துணை என்ற வேற்றுமை பெரும்பாலும் போய், எந்தக் கண்ட்ரோலரிலும் மாற்றம் செய்யலாம் என்றானது. சாட்சி சொல்பவரைத் தேடக் கூவல் வேண்டாம், டிஎன்எஸ் போதும்.

டிஎன்எஸ் என்பது 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் இணையத்துக்காக வடிவமைத்த பெயர் அடைவு. பெயரைக் கொடுத்தால் எண்முகவரி தரும். 'இந்த ஊரில் இந்தச் சேவையைத் தருபவர் யார்?' என்று கேட்கும் வசதி அதில் ஆரம்பத்தில் இல்லை. 1996-ல் அதற்கு ஒரு பதிவு வகையை முன்மொழிந்தார்கள். அதன் திருத்திய வடிவம் வெளியானது 2000 பிப்ரவரியில், விண்டோஸ் 2000 வந்த அதே மாதம். அதை எழுதிய மூவரில் ஒருவர் மைக்ரோசாஃப்ட்காரர். அந்த நாளிலிருந்து அலுவலகக் கணினி காலையில் எழுந்ததும் செய்யும் முதல் காரியம், டிஎன்எஸ்ஸிடம் "எங்க டொமைனுக்குக் கண்ட்ரோலர் யாரு?" என்று கேட்பதானது.

இதில் ஒரு நுட்பமான ஆபத்து ஒளிந்திருந்தது. பழைய கூவலில் ஆள் இல்லையென்றால் மௌனம்தான் கிடைக்கும். டிஎன்எஸ்ஸில் இரண்டு விதமான எதிர்மறை உண்டு. ஒன்று, பதிலே வராதது. மற்றொன்று, 'அப்படி ஒரு பெயரே கிடையாது' என்ற தெளிவான பதில். முதலாவது கிடைத்தால் கணினி அடுத்த டிஎன்எஸ் சர்வரிடம் போய்க் கேட்கும். இரண்டாவது கிடைத்தால் கேட்காது. பதில் வந்துவிட்டதே! போதாததற்கு அந்த 'இல்லை'யைச் சில நிமிடங்கள் நினைவிலும் வைத்துக்கொள்ளும்.

வரிகளுக்கு நடுவே

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கேபிளை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன், ஒரு மெஷினை முழுசாக ஃபார்மட் பண்ணினேன். மறுநாள் காலை அதுவும் நின்றது.

எக்ஸ்பியில் லாகினின் ஒவ்வொரு படியையும் எழுதிவைக்கும் ஒரு பதிவேட்டை ரெஜிஸ்ட்ரியில் முடுக்கிவிடலாம். முடுக்கினேன். நூற்றுக்கணக்கான வரிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் மணி, நிமிடம், வினாடி. வரிகளைப் படித்தால் ஒன்றும் புரியாது. படிக்க வேண்டியது வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை. பத்து வரிகள் ஒரே வினாடியில் ஓடும். திடீரென்று அடுத்த வரிக்கு ஒன்றரை நிமிடம் இடைவெளி. மறுபடி ஓட்டம், மறுபடி இடைவெளி. நின்ற இடங்களிலெல்லாம் அது செய்துகொண்டிருந்தது ஒன்றுதான்: டொமைன் கண்ட்ரோலரைத் தேடுவது. ஈவன்ட் லாகிலும் 1054 என்ற எண்ணில் அதே புலம்பல், 'டொமைன் கண்ட்ரோலரின் பெயரைப் பெற முடியவில்லை.'

நின்றுகொண்டிருந்த ஒரு மெஷினின் நெட்வொர்க் அமைப்பைப் பார்த்தேன். டிஎன்எஸ் என்ற இடத்தில் இரண்டு முகவரி. முதலாவது எங்கள் சர்வர். இரண்டாவது, இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் டிஎன்எஸ். அதைப் பார்த்ததும் வயிற்றில் என்னவோ செய்தது. ஏனென்றால் அந்த இரண்டாவது வரியைச் சேர்த்தது நான்தான்.

அதற்கு முந்தைய மாதம் ஒருநாள் சர்வர் தொங்கி, யாருக்கும் இணையம் வரவில்லை. மேனேஜர் கத்தினார். 'சர்வர் இல்லாவிட்டாலும் பிரவுசிங் ஓடட்டும், பேக்கப் மாதிரி' என்று அந்த முகவரியை எல்லா மெஷினுக்கும் போகும்படி வைத்துவிட்டேன். நல்ல எண்ணம்தான். நடந்தது இது. அதிகாலையில் சர்வரில் டேப் பேக்கப்பும் ஆன்டிவைரஸ் ஸ்கேனும் ஓடிக்கொண்டிருக்கும். ஆறே முக்காலுக்கு நாற்பது மெஷின்கள் ஒன்றாக எழுந்து கேள்வி கேட்டால் சர்வர் திணறும். கொஞ்சம் தாமதமானால் மெஷின் இரண்டாவது முகவரிக்குப் போகும். ஊர் பேர் தெரியாத அந்த டிஎன்எஸ், எங்கள் அலுவலகத்துக்குள் நாங்களே வைத்துக்கொண்ட டொமைன் பெயரைக் கேட்டதும் உடனே பதில் சொல்லும்: 'அப்படி ஒரு பெயரே கிடையாது.' அவ்வளவுதான். பக்கத்து அறையில் சர்வர் இருக்க, மெஷின் அநாதையாகிவிடும். பிறகு பழைய நெட்பயாஸ் கூவலில் இறங்கி, அங்கங்கே நின்று, தட்டுத்தடுமாறி ஒருவழியாக உள்ளே வரும். மதியம் சர்வருக்கு வேலை குறைவு, மெஷின்களும் காலையிலேயே எழுந்துவிட்டவை. அதனால் மதிய ஷிஃப்டுக்குப் பிரச்சனை இல்லை.

ஆபீஸ் டொமைனில் இருக்கும் கணினிக்கு அந்த டொமைனை அறிந்த டிஎன்எஸ் மட்டுமே கொடுக்க வேண்டும், வெளி டிஎன்எஸ்ஸை சர்வர்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். எல்லாப் பாடத்திலும் உள்ள விதி இது. எனக்கும் தெரிந்திருந்த விதிதான். ஒரே வரியை நீக்கினேன், பேக்கப் நேரத்தை நள்ளிரவுக்கு மாற்றினேன். மறுநாள் காலை எழுபது மெஷினும் அரை நிமிடத்தில் திறந்தன.

அடுக்கடுக்கான காத்திருப்பு

அதன்பிறகு வேறு வேறு அலுவலகங்களில் எத்தனையோ 'ஸ்லோ லாகின்' பார்த்துவிட்டேன். அநேகமாக ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஏதோ ஒரு காலத்தின் நியாயமான முடிவு ஒன்று இருக்கும்.

ஒரு அலுவலகத்தில் கேபிள் இணைந்தும் முதல் அரை நிமிடம் எதுவும் போகாது. காரணம் ஸ்பானிங் ட்ரீ. 1985 வாக்கில் டெக் நிறுவனத்தின் ரேடியா பெர்ல்மன் கண்டுபிடித்த, இன்றும் வலையமைப்புகள் சுழலில் சிக்காமல் காக்கும் முறை. புதிதாக இணைந்த வாயிலில் அது 15 வினாடி கவனிக்கும், 15 வினாடி கற்கும், அப்புறம்தான் திறக்கும். அந்நாளைய கணினி எழுந்திருக்க அதைவிட அதிக நேரம் எடுத்ததால் யாருக்கும் உறுத்தவில்லை. கணினி வேகமானபோது வாயில் தாமதமாகத் தெரிந்தது. கணினி மட்டுமே செருகப்படும் வாயில்களுக்கு இந்தக் காத்திருப்பை ஸ்விட்சில் நீக்கிவிடலாம்.

இன்னொரு இடத்தில் சாதாரண ஊழியர்கள் உடனே நுழைவார்கள், உயரதிகாரிகள்தான் காத்திருப்பார்கள். விண்டோஸின் கெர்பரோஸ் சீட்டில், ஆள் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்ற பட்டியலும் சேர்ந்து வரும். பெரிய மனிதர்கள் நிறையக் குழுக்களில் இருப்பார்கள், சீட்டு பெரிதாகும். எக்ஸ்பி காலத்தில் அது யுடிபி வழியாகப் போகும். ஒரே பொட்டலத்தில் அடங்காமல் துண்டுகளாகும்போது நடுவிலுள்ள விபிஎன் கருவி துண்டுகளை வீசியெறிந்துவிடும். டிசிபி வழியாகப் போகச் சொன்னதும் சரியானது. விஸ்டாவிலிருந்து அதுவே இயல்பான வழியாகிவிட்டது.

டெஸ்க்டாப்பில் கல்யாண வீடியோவைப் போட்டுவைத்தவருக்குத் தினமும் அந்த வீடியோ சர்வரிலிருந்து வந்து, சாயங்காலம் திரும்பிப் போன கதையும் உண்டு. அதீனாவின் கனவுக்கு நாங்கள் கொடுத்த விலை அது. புதிதாகத் திறந்த கிளையின் முகவரி வரம்பை டைரக்டரியில் சேர்க்க மறந்ததால், அங்குள்ள மெஷின்கள் பக்கத்துக் கண்ட்ரோலரை விட்டு வேறு ஊரில் போய்ச் சாட்சி கேட்டதும் உண்டு. எப்போதோ கழற்றி எடுத்த சர்வரின் டிரைவை லாகின் ஸ்கிரிப்ட் இன்னும் தேடிக்கொண்டிருப்பது தினசரிக் கதை.

விண்டோஸ் எக்ஸ்பி இதற்கெல்லாம் ஒரு சாமர்த்தியமான தீர்வும் வைத்திருந்தது. வலையமைப்பு தயாராகும் முன்பே, கடந்த முறை சரியாக நுழைந்த நினைவை வைத்து உள்ளே விட்டுவிடுவது. எங்களவர்களுக்கு அது உதவவில்லை. அவர்களுடைய அமைப்புகள் சர்வரிலிருந்து அவர்களோடு நடந்துவருபவை. நிரந்தர இருக்கை உள்ளவருக்குத்தான் அந்தச் சலுகை.

யாருடைய நிமிடம்

இந்தக் காத்திருப்பை யார் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி கணினிக்கு முந்தையது. அமெரிக்காவில் மிஷிகன் மாநிலத்தின் ஒரு பீங்கான் தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வருகைக் கடிகாரத்திலிருந்து வேலை மேசைக்கு நடந்துபோகும் நேரமும் வேலை நேரம்தான் என்று வழக்குப் போட்டார்கள். 1946-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் பேசியது. முதலாளிகள் அலறினார்கள். 1947-ல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டு அந்த வகை நேரத்தைக் கூலியிலிருந்து விலக்கியது. ஆனால் முக்கிய வேலையோடு பிரிக்கமுடியாத ஆயத்தங்களை நீதிமன்றங்கள் அந்த விலக்கில் சேர்க்கவில்லை.

முக்கால் நூற்றாண்டு கழித்து அதே கேள்வி கால் சென்டரில் எழுந்தது. கணினியைத் திறந்து, லாகின் செய்து, அதன் பிறகுதான் வருகை மென்பொருளைத் தொடமுடியும். நடுவில் போன நிமிடங்களுக்குக் கூலி உண்டா? 2021-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஷிஃப்டுக்கு இரண்டு நிமிட அளவே ஆனாலும் உண்டு என்றது. 2022 அக்டோபரில் லாஸ் வேகஸின் ஒரு கால் சென்டர் வழக்கில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், கணினியைத் திறப்பது அந்த ஊழியர்களின் வேலையோடு பிரிக்கமுடியாதது என்று தீர்ப்பளித்தது. கணினி இல்லாமல் அவர்களால் ஒரு அழைப்பைக்கூட எடுக்க முடியாது என்பதுதான் வாதத்தின் சாரம். அந்தத் தீர்ப்பைப் பற்றிப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

1962-ல் ஷெர் திருடியது இயந்திரத்தின் நேரத்தை, ஏனென்றால் அதுதான் விலையுயர்ந்ததாக இருந்தது. 2005-ல் இயந்திரம் மலிந்துவிட்டது. ஆனால் வாசல் அதேதான். அது அளப்பது மட்டும் இயந்திரத்தின் நேரத்திலிருந்து ஆளின் நேரத்துக்கு மாறிவிட்டது. வாசல் திறக்காத நேரத்தையும் ஆளின் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்தது.

சரியானதும் மேனேஜரிடம் போய், "சார், டிஎன்எஸ் பிரச்சனை, சரி பண்ணிட்டேன். இந்த மாச லேட் எல்லாம் அவங்க தப்பில்ல" என்றேன். அந்தப் பதிவேட்டில் ஆதாரம் இருந்தது. எத்தனை மணிக்கு எந்தப் பயனர் என்டர் அடித்தார் என்று வினாடி சுத்தமாக. நான் முடுக்கிவிட்ட மெஷின்களில் இருந்த மூன்று நாட்களில் இரண்டில் அந்த அக்காவின் பெயர் 6.52-க்கும் 6.54-க்கும் இருந்தது. அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, "அடுத்த மாசத்துலேருந்து பார்த்துக்கலாம். போன கணக்கு சம்பளப் பட்டியலுக்குப் போயாச்சு" என்றார். நான் மேலே பேசவில்லை. பேசினால், அந்த இரண்டாவது வரியை யார் போட்டது என்ற கேள்வி வரும்.

அன்று மாலை வாசலில் அந்த அக்கா கேட்டார், "என்னதான் தம்பி பிரச்சனை?"

"சர்வர் பிரச்சனைக்கா. சரியாயிடுச்சு" என்றேன்.

"நல்லாயிரு" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினார். அவர் சம்பளத்திலிருந்து அந்த மாதம் ஒரு நாள் போயிருந்தது. இன்றும் ஏதாவது அலுவலகத்தில் 'லாகின் ஸ்லோ' என்று கூப்பிட்டால், மெஷினைத் தொடுமுன் நான் கேட்கும் முதல் கேள்வி டிஎன்எஸ் என்ன என்பதல்ல. "இங்க அட்டெண்டன்ஸ் எப்படி எடுக்கறீங்க?" என்பதுதான்.